பிக்குகள் சாப்பிட்ட பிறகு பிறந்தவள்

பக்கோக்கு,
பியாதோ மாதம், வளர்பிறை, வியாழக்கிழமை.

என் மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி போ ஹ்லா மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கி எழுதிக்கொள்வது. நீர், நெருப்பு, அரசாங்கம், திருடர், ஆகாதவர் என்னும் ஐந்து பகைகளும் மக்வேயில் உன் வீட்டு வாசலை எட்டிப் பார்க்காமல், நீயும் அத்தானும் சுகமாக இருக்க மும்மணிகளின் அருளை வேண்டுகிறேன். ஐந்தாவது பகையில் என்னைச் சேர்த்துவிடாதே. நீ அனுப்பிய மூட்டுவலித் தைலம் கிடைத்தது. முட்டியில் தடவினேன், மூக்கடைப்பு விட்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மியாவும் மகள் லே லேயும் நலம். நான் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், முதுகு நிமிரவில்லை, மியா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இதில் கடைசியாகச் சொன்னதை நோயில் சேர்ப்பதா நிம்மதியில் சேர்ப்பதா என்று நீயே முடிவுசெய்.

விஷயம் என்னவென்றால், நேற்றுப் படகேறிப் பகானுக்குப் போய்வந்தோம். அக்கம்பக்கத்தில் புண்ணியம் தேடிப் போகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். உண்மையில் போனது நம் லே லேக்கு மாப்பிள்ளை பார்க்க. இரண்டு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே படகில், எதேச்சையாகச் சந்தித்துக்கொள்வது என்று ஒரு மாதமாக உட்கார்ந்து பேசி முடிவுசெய்திருந்தோம். மாப்பிள்ளை யார் என்றால், எங்கள் ஊர் மாட்டு டாக்டர் கோ நைங் துன். தலைமையாசிரியருடைய பசுவுக்கு வயிறு உப்பிக்கொண்டபோது லே லே கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவன். பசு மறுநாளே எழுந்து புல் மேய்ந்தது. ஆனால் டாக்டர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தான். ஏன் வருகிறான் என்பது பசு உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கணக்கு வாத்தியாரம்மாவைப் பெற்ற எனக்கு மட்டும்தான் கடைசியில் தெரிந்தது. ஒருநாள் நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லே லே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவங்க அம்மா சரின்னு சொன்னாத்தான் கட்டுவேங்கிறார். நீங்க பேசுங்கப்பா" என்றாள். அவள் சின்ன வயதில்கூட இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். முதல் தடவையாக ஒன்றைக் கேட்டாள். ரேடியோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது, அதனால் ஊர் உலகச் செய்தி எதுவும் இந்தக் கடிதத்தில் இருக்காது.

இனி சிக்கலைச் சொல்கிறேன். பையனுடைய அம்மா ஓன் ஷ்வே, கடைத்தெருவில் கடலை எண்ணெய் ஆட்டுகிறாளே, அந்த விதவையம்மாதான். கிழமை பார்க்காமல் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ள மாட்டாள். பையன் பேர் நைங் துன். கிழமைக்குரிய எழுத்தில்தானே நாம் பேர் வைக்கிறோம், ஆகவே நைங் என்றால் சனிக்கிழமை என்று யாரும் சொல்லாமலே விளங்கும். லே லே என்றால் புதன்கிழமை காலை என்பதும் அப்படித்தான் விளங்கும். புதன் காலைக்கும் சனிக்கும் ஜென்மப் பகை. அதே புதன்கிழமையில் மத்தியானத்துக்கு மேல் பிறந்துவிட்டால் அது ராகு, ராகுவுக்கும் சனிக்கும் அப்படியொரு ஒட்டுறவு. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நல்ல கிழமையை நடுவில் வெட்டி, மேல் பாதிக்குத் தந்தமுள்ள யானை, கீழ்ப் பாதிக்குத் தந்தமில்லாத யானை என்று பிரித்துக் கொடுத்த மகானுக்குக் கல்யாண வயதில் பெண் இருந்திருக்காது. இவ்வளவு கிழமை பார்க்கிறவள், லே லே என்ற பேரைக் கேட்ட பிறகும் எப்படிப் பகானுக்கு வரச் சம்மதித்தாள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தபாலாபீஸில் தலை நரைத்தவன் நான், மேல்விலாசம் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதை யோசிக்கும் பழக்கமில்லை.

படகு விடிந்ததும் கிளம்பியது. மாடியில் மனிதர்கள், கீழே வெங்காய மூட்டை, சைக்கிள், கோழிக்கூடை, நிறைசினையாக ஒரு பசு. பசுவைப் பார்த்ததும் மாப்பிள்ளைப் பையன் எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் அதன் பக்கத்தில் போய் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "என் பிள்ளைக்கு மரியாதை தெரியாம இல்லீங்க அண்ணே, ஆனா மாட்டுக்கு முன்னுரிமை" என்றாள் ஓன் ஷ்வே. நல்ல குணம்தான் என்று சொல்லி வைத்தேன். பியாதோ மாதத்து ஐராவதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, ஆறு பாதி, மணல் பாதி. முன்னால் இரண்டு ஆட்கள் மூங்கிலைத் தண்ணீரில் குத்திக் குத்தி ஆழம் கத்திக்கொண்டே வந்தார்கள். அவர்கள் கத்தியது ஒரு பக்கம், சாரங்கு ஓட்டியது இன்னொரு பக்கம். பாதி வழியில் படகு ஒரு மணல்திட்டின் மேல் ஏறி, களைத்த எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று சாரங்கு உத்தரவு போட்டான். காசு கொடுத்துச் சீட்டு வாங்கினவன் நான் என்றேன். "அப்ப நீங்க முன்பக்கம் தள்ளுங்கய்யா, அங்கதான் மரியாதை ஜாஸ்தி" என்றான். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளினேன். படகு நகரவில்லை. என் முதுகு மட்டும் ஏதோ ஒரு பக்கமாக நகர்ந்தது.

கடைசியில் பாரத்தைக் குறைக்கிறோம் என்று எல்லோரையும் மணலில் இறக்கினார்கள். பசுவையும் இறக்கினார்கள். அங்கேதான், காயப்போட்ட துணி மாதிரி எல்லோரும் பரவி உட்கார்ந்திருந்த அந்தத் திட்டில், ஓன் ஷ்வே ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலையும் எடுத்து எங்கள் முன்னால் வைத்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அண்ணே, பொண்ணு புதன்கிழமைதானே. காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

அக்கா, நான் பொய் சொல்லத் திட்டம் போட்டு வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். வாய் நிறையத் தேயிலை இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் லே லே சற்றுத் தள்ளி, தலையைத் தூக்காமல் மணலில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காதெல்லாம் இங்கேதான் இருந்தது என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"மத்தியானத்துக்கு மேலதாம்மா. சுத்தமான ராகு" என்றேன்.

மியா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நீலமாக இருக்கிறது. ஓன் ஷ்வே கையில் எடுத்த கடலையை வாயில் போடாமல் வைத்திருந்தாள். "அப்ப பேரு லே லேன்னு எப்படி? ராகுன்னா வேற எழுத்துல வரணுமே" என்றாள். யோசிக்க நேரமில்லாததால் பழியை உன் தலையில் போட்டுவிட்டேன். "பேரு எங்க அக்கா வெச்சதும்மா. அவங்க பிடிவாதம். ஒண்ணு சொன்னா புத்தரே வந்தாலும் மாத்த மாட்டாங்க" என்றேன். இதில் இரண்டாவது பாதி பொய் இல்லை என்பதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "பேருல என்ன இருக்கு அண்ணே. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு காரணம்" என்றாள். அதற்குப் பிறகு தேயிலையைத் தொடவே இல்லை. சனிக்கு ராகு கிடைத்த சந்தோஷத்தில் பசி மறந்துவிட்டாள் என்று நினைத்து, நான் அவள் பங்குத் தேயிலையையும் சாப்பிட்டேன்.

அப்போதுதான் பசு கத்தியது. அது நல்ல நேரம் பார்த்துக் கன்று போட முடிவுசெய்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான், யாராவது தலையைப் பிடிங்க என்றான். பசுவின் சொந்தக்காரன் கும்பிட்டுக்கொண்டு நின்றானே தவிரக் கிட்டே போகவில்லை. நம் லே லே எழுந்து போய்ப் பசுவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். இடுப்பில் புதிதாகக் கட்டிய பட்டுத் தமெய்ன், போன தீபத் திருவிழாவுக்கு எடுத்தது, அது போச்சு. அவன் முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஏதோ திருப்புகிறான், இவள் பசுவின் காதில் வாய்ப்பாடு சொல்கிறாள். கன்று வெளியே வந்து தும்மியபோது மணல்திட்டில் இருந்த எல்லோரும், பிரார்த்தனை முடிவில் சொல்வது போல, சாது சாது சாது என்று மூன்று முறை சொன்னார்கள். நானும் சொன்னேன். கண்ணில் மணல் விழுந்ததால் துடைத்துக்கொண்டேன்.

உடனே அடுத்த சண்டை ஆரம்பித்தது. நேற்றுப் புதன்கிழமை இல்லையா, கன்று புதன் காலையா ராகுவா என்று சொந்தக்காரன் கேட்டுவிட்டான். வெங்காயக்காரன் மத்தியானம் தாண்டியாச்சு என்றான், மூங்கில்காரர்கள் தாண்டவில்லை என்றார்கள், சாரங்கின் கடிகாரம் போன மழைக்காலத்திலேயே நின்றுபோயிருந்தது. எல்லோரும் கூடி, பக்கத்தில் இருந்தவர்களையே கேட்போம் என்று டாக்டரையும் லே லேயையும் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "கவனிக்கலையே" என்றார்கள். கணக்கு வாத்தியாரம்மா சொல்கிற பதிலா இது?

ஓன் ஷ்வே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மியா பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணு பொறந்தப்ப நேரம் நிச்சயமாத் தெரியுமா தங்கச்சி?"

மியாவுக்குப் பொய்யும் சொல்ல முடியாது, என்னை விட்டுக்கொடுக்கவும் முடியாது. "பெத்தவளுக்கு வலிதாங்க தெரியும். நேரம் பக்கத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

"யாரு இருந்தாங்க?"

"இவரோட அக்கா. மக்வேயில இருக்காங்க."

நான் உடனே எழுந்து, யாரும் கூப்பிடாமலே படகைத் தள்ளப் போனேன்.

படகு எப்படியோ மிதந்து நியாங் ஊ துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கடைசிப் படகு கிளம்புவதற்குள் திரும்ப வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ராஜாக்கள் போட்டி போட்டுக் கட்டி வைத்திருக்கிற கோயில்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது, அதுவும் ஓடிக்கொண்டே. ஷ்வேசிகோன் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கல்லில் கால் வைத்ததும் நரகத்தைப் பற்றிப் பிக்குகள் சொல்வதெல்லாம் குறைத்துச் சொல்வதுதான் என்று புரிந்தது. கோபுரத்தைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு கல் மிருகம், அவரவர் கிழமைக்குப் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். ராகு மேடை வடமேற்கு மூலையில். நான் லே லேயின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, நைசாக, "அந்தப் பக்கம் போம்மா" என்றேன். அவள் நேராகத் தெற்கே போனாள், பிறந்ததிலிருந்து ஊற்றுகிற புதன் காலை மேடைக்கு.

நான் கொதிக்கிற கல்லில் குதித்துக் குதித்து அவள் பின்னால் ஓடினேன். "தண்ணிதானேம்மா. எந்த யானை மேல ஊத்தினா என்ன. ரெண்டும் கல்லு யானைதான்."

"கல்லுன்னா என்னை எதுக்குப்பா அங்க போகச் சொல்றீங்க?" என்றாள். கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "பொய் சொல்லித்தான் அவரைக் கட்டிக்கணும்னா எனக்கு வேண்டாம்ப்பா. அப்புறம் ஆயுசு பூரா அவங்க அம்மா முன்னாடி வேற ஒருத்தியா நடமாடணும்."

அக்கா, அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு இரண்டுக்கும் நேரம் ஏது. ஓன் ஷ்வே பார்த்துவிடப் போகிறாளே என்று குடையை விரித்து அவளை மறைத்தபடி நின்றேன். எட்டிப் பார்த்தால் அந்த அம்மாள் தரையில் முழங்காலிட்டு, கோபுர உச்சியை நிமிராமல் பார்க்க என்று தரையில் வெட்டிய தண்ணீர்க் குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை என்று நினைப்பதற்குள் விருட்டென்று எழுந்து, பையனைக் காணாமல் வடக்குப் பக்கம் ஓடினாள். அவள் எங்கே போகிறாள், சுற்றிக்கொண்டு தெற்கே வந்துவிடுவாளோ என்று நான் மேற்குப் பக்கமாக ஓடினேன். மேற்கு மேடையில் இருவரும் முட்டிக்கொண்டோம்.

"பையன் எங்கம்மா?" என்றேன்.

"செருப்பைப் பார்க்கப் போயிருக்கான். பொண்ணு எங்க?"

"ராகு மேடையில. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"இது என் கிழமை அண்ணே. வியாழன்."

"எனக்கும் வியாழன்தான்" என்றேன். என்னுடையது உண்மையிலேயே வியாழன், நேற்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். இரண்டு பேரும் அந்த வியாழக்கிழமை எலியின் தலையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். வயதுக்கு ஒரு கிண்ணம், கூட ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அவள் நகராமல் நான் நகர முடியாது, நான் நகராமல் அவளும் நகரவில்லை. என் வயது முடிந்து, அப்பாவின் வயது முடிந்து, தாத்தாவின் வயதுக்கும் ஊற்றினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த எலிக்கு இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்தி கிடைத்திருக்காது. பிறகு பையன் வடக்கிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்தான், லே லே தெற்கிலிருந்து வந்தாள், இருவரும் எங்களைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சேர்ந்து கிழக்கு வாசலுக்கு நடந்தார்கள். என் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். புத்தர் சன்னதியில் புண்ணியம் செய்து முடித்து வந்தவர் யாரோ.

திரும்பும் படகு எங்கும் நிற்கவில்லை. பக்கோக்குத் துறையில் இறங்கியதும் ஓன் ஷ்வே என்னைத் தனியாக அழைத்து, "உங்க அக்காவை ஒரு தடவை நேர்ல பார்த்துடணும் அண்ணே. அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா என் மனசு ஆறிடும்" என்றாள். சந்தேகப்பட்டுவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். செருப்பில்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே அக்கா, உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவள் வந்து கேட்டால் நீ ஒன்றே ஒன்று சொல். மடாலயத்தில் மரமணி அடித்து, பிக்குகள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் லே லே பிறந்தாள் என்று சொல். மத்தியானத்துக்கு அப்புறம் அவர்கள் ஒரு பருக்கை தொட மாட்டார்கள் என்பதால் இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. அன்று காலை நீ வெந்நீர் கேட்டுக் கத்தியபோது பிக்குகள் தெருவில் பிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. நீ மறந்துவிடு. ஐந்து சீலத்தில் நான்காவதான பொய் சொல்லாமை உடையும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பாவத்தை முழுவதும் என் பேருக்கு மாற்றிவிடும்படி அன்று மாலையே விளக்கேற்றிச் சொல்லிவிடு, நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த பிறவியில் பகான் படகில் பசுவாகப் பிறந்தாலும் பரவாயில்லை, பெண் இந்தப் பிறவியிலேயே நன்றாக இருக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய சுருட்டைக் குறைத்துக்கொள்ளச் சொல். குழந்தைகளுக்கு ஆசிகள், பெரியவர்களுக்கு நமஸ்காரம், நடுவில் இருப்பவர்களுக்கு விசாரிப்புகள். உனக்கு நூற்றிருபது வயது ஆயுள் கிடைத்து, அது முழுவதும் மூட்டுவலி இல்லாமல் கழிய வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
போ ஹ்லா.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேலே எழுதியதை எல்லாம் ஆற்றில் போட்டதாக வைத்துக்கொள். தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடு.

விடியற்காலையில் ஓன் ஷ்வே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதவைத் தட்டினாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "உங்களை மாதிரி ஒளிவுமறைவு இல்லாத மனுஷர்கிட்ட மறைச்சு வெச்சா எனக்குப் பாவம் அண்ணே" என்றாள். பையன் சனிக்கிழமையில் பிறக்கவே இல்லையாம். பிறந்தது வெள்ளிக்கிழமை. குழந்தையில் ஓயாத காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டான் என்று ஆனபோது, கிரகத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகச் சனிக்கிழமைப் பேராக மாற்றி வைத்தார்களாம். அதை அன்றிலிருந்து வெளியே சொன்னதில்லை, சொன்னால் கிரகம் திரும்ப வந்து தேடும் என்று பயம். லே லே பேரைக் கேட்டதும் புதன் காலைதான், வெள்ளிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஊர் பகை என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று சந்தோஷமாகப் படகேறியிருக்கிறாள். நான் மணல்திட்டில் சுத்தமான ராகு என்று சொன்னதும் தலையில் இடி விழுந்ததாம். வெள்ளிக்கும் ராகுவுக்கும்தான் ஆகவே ஆகாதே. அதனால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லி அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பையன் வடக்கிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்தான், வெள்ளிக்கிழமை மேடை வடக்கே இருக்கிறது, செருப்போ கிழக்கே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை எழுத்தில் ஓன் என்று பேர் வைத்த பெண்பிள்ளை எந்த ஊரில் வியாழக்கிழமை பிறந்தாள்?

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆனால் அக்கா, மத்தியானம் வேண்டும் என்றபோது மத்தியானம், காலை வேண்டும் என்றதும் காலை என்று நான் மாற்றினால், அந்த உண்மையை எந்த மடையன் நம்புவான்? திறந்த வாயில் ஒரு வாழைப்பழத்தைப் போட்டுக்கொண்டேன். மியாதான் பேசினாள், என்னோடு அல்ல, அவளோடு. "இவருக்கு நேரங்காலம் எதுவும் ஞாபகம் இருக்காதுங்க. நீங்க கேட்டீங்களே, அந்த அக்காகிட்டயே கேட்டுடுங்க" என்றாள். ஓன் ஷ்வே கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்றைய படகிலேயே மக்வேக்குக் கிளம்பிவிட்டாள். இதோ வாசலில் குடையோடு நிற்கிறாள். தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாததா, அதனால் இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பின்குறிப்பைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தொலைத்துவிட்டேன், மேலே உள்ளதைக் கிழித்தால் இதுவும் போய்விடும். பயப்படாதே, உறையைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். உறை ஒட்டுவதில் என்னை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பிக்குகள் அப்போதுதான் பிச்சைக்கு வந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல். நம்பும்படியாகச் சொல், நம் வீட்டு ஆட்கள் உண்மை சொல்லும்போதுதான் கண் திருதிருவென்று முழிக்கும்.

*

மக்வே அக்காவுக்கு ஓன் ஷ்வே வணங்கி எழுதுவது. என் கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படகு மறுபடியும் மணல்திட்டில் உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த உறை ஈரக்காற்றில் தானாகப் பிரிந்துகொண்டது. முதல் வரியைப் படித்தபோது மூடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். எலி வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் சாரங்கு மாடியேறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனான்.

இனி மக்வே வரை வந்து உங்களைக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. பக்கோக்குப் பக்கம் போகிற படகு ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது, அதில் ஏறித் திரும்புகிறேன். கடிதம் மட்டும் சாரங்கு கையில் உங்களிடம் வரும். சனி மேடைக்குப் போ என்ற அம்மா சொல்லைக் கேட்காமல் வடக்கே போன என் பையனும் அப்பா சொல்லைக் கேட்காமல் தெற்கே போன உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒரு வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகளாவது என்னையும் உங்கள் தம்பியையும் போல இல்லாமல் இருக்கும் என்று தோன்றுகிறது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் கல்யாணம். உங்கள் தைலத்தில் எனக்கும் ஒரு புட்டி கொண்டுவாருங்கள்.

நான் இதைப் படித்தேன் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட வேண்டாம். கல்யாணம் வரைக்கும் அவர் பயந்துகொண்டே இருக்கட்டும்.